சம்பந்தியின் கோட்டைகள்

"எங்கள் குடும்பத்துக்கு ஒரு கோட்டை இருக்கிறது" என்று சம்பந்தி அம்மா சொன்னபோது நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் வருவாய்த் துறையில் குப்பை கொட்டியவளுக்கு இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும். "பட்டா யார் பேரில் இருக்கிறது?" என்றேன். மகன் சிரித்துவிட்டான். பட்டா என்றால் என்னவென்று அவன் தன் மாமியாருக்கு விளக்கி முடிப்பதற்குள் ரசம் நுரைகட்டிவிட்டது.

மகன் வேல்ஸில், ஸ்வான்ஸி நகரத்தில் பொறியாளர். அங்கேயே படித்து, அங்கேயே வேலை பார்த்து, அங்கேயே மணந்துகொண்டான். மருமகள் என்னை "அத்தை" என்று கூப்பிடுவாள். அந்த ஒரு சொல் சரியாக விழுவதற்கு ஒரு மாதம் பழகினாளாம். அவள் அம்மாவை நான் எப்படி அழைப்பது என்பதில்தான் முதலில் தடுமாறினேன். பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு எழவில்லை. நம் வழக்கப்படி சம்பந்தி அம்மா என்றேன். அவருக்கு அது பிடித்துப்போய், என்னையும் "சம்பந்தி" என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார். இந்த உறவுக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை. தனக்குத் தெரிந்து வெல்ஷிலும் இல்லை என்றார். அவருக்குத் தாய்மொழி வெல்ஷ், எனக்குத் தமிழ். இருவருமே ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் கற்றவர்கள் என்பதால், யார் பிழைவிட்டாலும் மற்றவர் கண்டுகொள்வதில்லை.

அவர் வீடு அம்மன்ஃபோர்டில் இருக்கிறது. ஸ்வான்ஸியிலிருந்து வடக்கே போகும் ஏ483 சாலையில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என் கை கன்னத்துக்குப் போய்விட்டது. அம்மன் என்பது அங்கே ஓடும் ஆற்றின் பெயராம். ஆறும் தாய்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆந்த்ரசைட் நிலக்கரிக்குப் பேர்போன பகுதி அது. 1925இல் அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் நடத்தி, போலீஸோடு மோதி, பலர் சிறைக்குப் போனார்கள். சம்பந்தி அம்மாவின் தாத்தா அவர்களில் ஒருவர். இதை அவர் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். கோட்டை பற்றிப் பேசும்போதுதான் குரல் நிமிர்ந்தது. எனக்கு இரண்டும் இடம் மாறியிருப்பதாகப் பட்டது. ஆனால் சம்பந்தி வீட்டு வரலாற்றில் முதல் விருந்திலேயே திருத்தம் போடுவது முறையல்ல.

அவருடைய பெரியப்பா எழுதிவைத்த கொடிவழி ஒன்று இருந்தது. விரித்தால் சாப்பாட்டு மேசையின் இரு முனையிலும் தொங்கும் தாள். ஆயிரக்கணக்கான வாரிசுச் சான்று மனுக்களைப் பார்த்த கண்ணால் அதைப் பார்த்தேன். 1793இல் லாண்டைலோ தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவர்வரை எல்லாம் உறுதி. அதற்கு மேலே ஒரு புள்ளிக்கோடு. கோட்டின் உச்சியில் ரீஸ் என்ற பெயரும் 1531 என்ற ஆண்டும். இடையில் 262 ஆண்டுகளுக்கு ஒரு காகிதமும் இல்லை. எங்கள் அலுவலகமாக இருந்திருந்தால் மனுவைத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பெரியப்பாவின் ஒரே சாட்சியம் குடும்பப் பெயர். அவர்கள் பிரைஸ் குடும்பம். வெல்ஷில் "அப்" என்றால் மகன். கிரிஃபித்தின் மகன் ரீஸ் என்றால் ரீஸ் அப் கிரிஃபித். அவருக்குப் பிறந்த பையனுக்குத் தாத்தா பெயரை வைத்தால் அவன் கிரிஃபித் அப் ரீஸ். தலைமுறைக்குத் தலைமுறை வால் மாறிக்கொண்டே போகும். நம் இனிஷியல் கதைதான். நாம் முன்னால் போடுவதை அவர்கள் பின்னால் போட்டார்கள். 1536இலும் 1543இலும் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைக்கும் சட்டங்கள் வந்து, நீதிமன்றமும் பதிவேடும் ஆங்கிலத்தில் ஆனபிறகு, எழுத்தர்களுக்கு இந்த மாறும் வால் ஒத்துவரவில்லை. அப் ரீஸ் என்பது பிரைஸ் ஆனது. அப் ஹவெல் பவல் ஆனது, அப் ரிச்சர்ட் பிரிச்சர்ட் ஆனது. எந்தத் தலைமுறையில் எழுத்தர் பேனாவை எடுத்தாரோ, அந்தத் தலைமுறைத் தகப்பனின் பெயர் அப்படியே உறைந்துவிட்டது.

ஆக, பிரைஸ்களுக்கு யாரோ ஒரு ரீஸ் மூதாதை. அது, எங்கள் கோட்டை என்று சம்பந்தி அம்மா சொன்ன தினேவுர் கோட்டையின் ரீஸாகத்தான் இருக்க வேண்டும் என்பது பெரியப்பாவின் வாதம். நம் ஊரில் சாதிச் சங்க மாநாட்டு மலர்களைப் புரட்டியவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. எல்லோரும் மூவேந்தர் வழிதான். மூவேந்தரின் குதிரைக்குப் புல் அறுத்தவர் வழியில் வந்தவர் ஒருவரையும் நான் இதுவரை சந்தித்ததில்லை.

போய்ப் பார்த்துவிடுவோம் என்று மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை கிளம்பினோம். நான்கு நாள், ஏறக்குறைய ஒரே சாலை. ஏ483 ஸ்வான்ஸியில் தொடங்கி வேல்ஸின் நடுமுதுகில் ஏறி, வடக்கே ரெக்ஸமையும் தாண்டிப் போகிறது. மகன் ஓட்ட, மருமகள் வழி சொல்ல, பின் இருக்கையில் இரண்டு சம்பந்திகள், நடுவில் முறுக்கு டப்பா. சாலையில் வளைவுக்கு வளைவு "அரவ்" என்று வெள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. மெதுவாகப் போ என்று அர்த்தம். இரு பக்கமும் வேலிச் செடி, அதற்கப்பால் ஆடு, ஆட்டுக்கப்பால் மழை.

லாண்டைலோ என்று நான் எழுதுவதும் ஒரு வசதிக்குத்தான். முதல் எழுத்து லகரமே அல்ல. நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். முயன்று பார்த்ததில் முன் இருக்கையில் எச்சில் தெறித்ததுதான் மிச்சம். பதிலுக்கு ழகரம் கற்றுக்கொடுத்தேன். அவரும் தோற்றார். கணக்கு நேராகிவிட்டது.

தினேவுர் கோட்டை லாண்டைலோவை ஒட்டி, டவி ஆற்றின் மேல் ஒரு குன்றில் நிற்கிறது. அடிவாரத்துப் பூங்காவில் வெள்ளை மாடுகள் மேய்ந்தன. காதும் மூக்கும் மட்டும் மையைத் தொட்டு வைத்தாற்போல் கறுப்பு. தினேவுர் அரசரை அவமதித்தவன் இத்தனை வெள்ளை மாடுகளை, ஒன்றின் வாலை அடுத்ததன் தலை தொட வரிசையாக நிறுத்தித் தர வேண்டும் என்று பழைய வெல்ஷ் சட்டத்தில் இருக்கிறது. ஆநிரை கவர்ந்ததையும் மீட்டதையும் பாட்டாகப் பாடிய மொழிக்காரிக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. அபராதத் தொகையை நீளத்தில் அளந்தார்களே, அதுதான் பிடித்தது.

மரங்களுக்கு அடியில் நீலப் பூக்கள் விரிந்து கிடந்த பாதையில் ஏறினால் கோட்டை. கூரை இல்லை. உருண்டைக் கோபுரம் ஒன்று, பாதி மதில், மதிலின் இடுக்கில் காக்கைகள். வாசலில் ஒரு பலகை. அதில் இருந்த சொல்லை மருமகள் "காடு" என்று வாசித்தாள். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஆமாம் என்றேன். பிறகுதான் அது வேல்ஸின் தொல்லியல் துறையின் பெயர் என்று தெரிந்தது. வெல்ஷில் அந்தச் சொல்லுக்குக் காப்பது என்று பொருளாம்.

சுழல் படிகளில் சம்பந்தி அம்மா எனக்கு முன்னால் ஏறினார். எழுபது வயது, ஒரு முழங்கால் மாற்றியது. மேலே போனதும் ஆறு கீழே புரண்டு படுத்திருந்த அழகைக் காட்டி, மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். இங்கிருந்துதான் ரீஸ் பிரபு பன்னிரண்டாம் நூற்றாண்டில் தென்மேற்கு வேல்ஸை ஆண்டார். 1176இல் கார்டிகன் கோட்டையில் கவிஞர்களையும் இசைக்காரர்களையும் கூட்டிப் போட்டி வைத்து, வென்றவர்களுக்கு ஆளுக்கொரு நாற்காலி பரிசளித்தார். கவிஞருக்கு நாற்காலி கொடுக்கும் அந்த வழக்கம் அவர்களுடைய தேசியக் கலைவிழாவில் இன்றும் இருக்கிறது. நம் புலவர்கள் யானையும் பொன்னும் கேட்டார்கள். இவர்கள் உட்கார ஓர் இடம் கேட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ இதுதான் நியாயமான கோரிக்கையாகத் தோன்றியது.

பின்னாளில் இதே தினேவுருக்கு உடையவரானவர் ரீஸ் அப் தாமஸ். தன் வயிற்றின் மேல் ஏறித்தான் ஹென்றி டியூடர் இந்த நாட்டுக்குள் வர முடியும் என்று மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்குச் சத்தியம் செய்து கொடுத்தாராம். 1485இல் ஹென்றி கரையிறங்கியதும் கட்சி மாறிவிட்டார். சத்தியம் பொய்யாகக் கூடாதே. ஒரு பாலத்துக்கு அடியில் போய் நின்றுகொண்டு, ஹென்றியை மேலே நடந்து போகச் சொன்னார் என்பது கதை. எங்கள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தர்கள் இவரிடம் பாடம் கேட்கலாம். டியூடர்கள் அவருக்கு வாரி வழங்கினார்கள். அவர் பேரனைத்தான் அதே டியூடர் குடும்பத்தின் எட்டாம் ஹென்றி 1531இல் தேசத்துரோகம் என்று சொல்லித் தலையை வெட்டினார். குற்றச்சாட்டுகளில் ஒன்று, பண்டைய மன்னன் ஒருவனின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார் என்பது. மூதாதையின் பெயரைச் சூடியதற்கே தலை போயிருக்கிறது.

"அதனால்தான் எங்கள் ஆட்கள் பெயரைச் சுருட்டி வைத்துக்கொண்டு 262 வருஷம் மூச்சுக் காட்டவில்லை" என்றார் சம்பந்தி அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். இதைவிட நேர்த்தியான விளக்கக் கடிதம் எனக்கு வந்ததில்லை. மனுவை அங்கேயே ஏற்றுக்கொண்டேன்.

பட்டா கேள்விக்குப் பதில் அன்று மாலையே கிடைத்தது. லாண்டைலோவிலிருந்து சில மைல் தள்ளி, காரெக் கென்னன் என்று இன்னொரு கோட்டை. சுண்ணாம்புப் பாறை ஒன்று சமவெளியிலிருந்து செங்குத்தாக எழ, அதன் நுனியில் கோட்டை உட்கார்ந்திருக்கிறது. கீழே ஆறு, ஏறக்குறைய 90 மீட்டர் பள்ளம். போகும் வழியில் டிராக்டர் ஒன்று எதிரே வர, மகன் அரை மைல் பின்னோக்கி ஓட்ட வேண்டியிருந்தது. அவன் அப்போது சொன்ன தமிழை மருமகளுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. 1960களில் இந்தக் கோட்டையின் உரிமையாளரான பிரபு தன் பண்ணை ஒன்றை விற்றார். பத்திரம் எழுதியவர்கள் தவறுதலாகக் கோட்டையையும் சேர்த்து எழுதிவிட்டார்கள். வாங்கிய விவசாயக் குடும்பத்துக்கு மாட்டுத் தொழுவத்தோடு ஒரு கோட்டையும் கிரயமானது. இன்றைக்கும் கோட்டைக்குப் போகும் வழி அந்தப் பண்ணைக்குள்தான். டிக்கெட்டும் அங்கேதான், தேநீரும் அங்கேதான். பத்திரத்தில் நான்கெல்லை சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்று பயிற்சி வகுப்பில் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் நல்ல உதாரணமே கிடைக்காமல் போயிற்றே!

டார்ச் விளக்கை வாடகைக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். மதிலை ஒட்டிய இடுங்கிய நடைவழியில் இறங்கினால், அது பாறைக்குள் ஒரு குகையில் போய் முடிகிறது. சுவர் நனைந்திருந்தது. நானும் மருமகளும் மட்டும் கடைசிவரை போனோம். விளக்கை அணைத்துப் பார்த்தாள். எங்கோ நீர் சொட்டும் ஒலி மட்டும். "அத்தை, கையைக் கொடுங்கள்" என்றாள், தமிழில். 1462இல் உள்நாட்டுப் போரில் வென்ற கட்சி இந்தக் கோட்டை இனி யாருக்கும் உதவக் கூடாது என்று முடிவு செய்து, 500 ஆட்களைக் கடப்பாரையோடும் குந்தாலியோடும் அனுப்பி இடித்தது. இடிப்பதற்குக் கூலி கொடுத்த கணக்கும் இருக்கிறதாம். கணக்கு எழுதாமல் எந்த அரசும் எதையும் இடிப்பதில்லை.

மறுநாள் லாண்டவரி. ஆற்றோரத்துக் கோட்டை மேட்டில் எவர்சில்வரில் ஓர் ஆள் நிற்கிறார். பதினாறு அடி உயரம். தலைக்கவசம் இருக்கிறது, உள்ளே முகம் இல்லை. சால்வை இருக்கிறது, உள்ளே உடம்பு இல்லை. லெவெலின் அப் கிரிஃபித் வஹன் என்ற நிலக்கிழார் அவர். ஓவைன் கிளிண்டூர் இங்கிலாந்துக்கு எதிராகக் கிளம்பியபோது, அவரைப் பிடிக்க வந்த நான்காம் ஹென்றியின் படைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி, தப்பான பாதையில் இழுத்தடித்தார். கண்டுபிடித்த மன்னர் 1401 அக்டோபர் 9 அன்று லாண்டவரி ஊர் நடுவில் அவரைக் கொடூரமாகக் கொன்றார். அறுநூறு ஆண்டு கழித்து, 2001இல், ஊர் அவருக்கு இந்த உடம்பில்லாத உடையை நிறுத்தியது. அவரைக் கொன்றதற்கு மறு ஆண்டே, 1402இல், வெல்ஷ்காரர்கள் ஆயுதம் ஏந்தக் கூடாது, கோட்டை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்ததைச் சம்பந்தி அம்மா சொன்னார்.

எனக்கு அக்டோபர் என்றதும் கயத்தாறு ஞாபகம் வந்துவிட்டது. நான் ஓட்டப்பிடாரம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவள்; பாஞ்சாலங்குறிச்சி அந்தத் தாலுகாவில்தான் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வெல்ஷ் என்றால் கர்னல் வெல்ஷ்தான். பாஞ்சாலங்குறிச்சி முற்றுகையில் இருந்தவர், ஊமைத்துரையை வியந்து எழுதியவர், சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றவர். பெயரைப் பார்த்து அவர் வேல்ஸ்காரர் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஸ்காட்லாந்துக்காரராம். ஆனால் எங்கள் ஊர்க் கதையில் வேல்ஸுக்கு வேறொரு பங்கு இருந்தது. அதை மறுநாள்தான் கண்டேன்.

இடையில் கில்மேரியில் ஐந்து நிமிடம் நின்றோம். வேல்ஸின் கடைசிச் சுதந்திர இளவரசர் லெவெலின் 1282 டிசம்பர் 11 அன்று கொல்லப்பட்ட இடம். சாலையோரம் ஒரு நடுகல். பெரிய கருங்கல், அவ்வளவுதான். சம்பந்தி அம்மா காரை விட்டு இறங்கி, கல்லைக் கையால் தொட்டுவிட்டு வந்தார். இரவு தங்கிய விடுதியில் வெந்நீர் வரவில்லை. அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

வெல்ஷ்பூல் ஊருக்கு வெளியே இருக்கிறது போவிஸ் கோட்டை. சிவப்பு மணற்கல்லில், கூரையோடும் கண்ணாடிச் சன்னல்களோடும், நேற்று வெள்ளையடித்ததுபோல் ஒழுங்காக. அதற்குக் கீழே படிப்படியாக மாடித் தோட்டங்கள். முன்னூறு ஆண்டு யூ மரங்களை மேகம்போல் கத்தரித்து விட்டிருக்கிறார்கள். இதைக் கட்டியவர்களும் வெல்ஷ் இளவரசர்கள்தான். ஆனால் லெவெலினுக்கு எதிராக இங்கிலாந்து மன்னர் பக்கம் நின்ற கிளை. சம்பந்தி அம்மா வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தார். "கூரை இருக்கிறதா இல்லையா என்று பார், எந்தப் பக்கம் நின்றார்கள் என்று தெரிந்துவிடும்" என்றார்.

1587இல் இதை ஹெர்பர்ட் குடும்பம் வாங்கியது. 1784இல் அந்த வீட்டுப் பெண் ஹென்றியட்டா, ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டை மணந்தார். ஹென்றியட்டாவின் அண்ணன் மணமாகாமலே இறந்துபோக, சொத்து தங்கை மகனுக்கு வந்தது. தாய்மாமன் சொத்துக்காக அந்தப் பையன் 1807இல் கிளைவ் என்ற தகப்பன் பெயரை விட்டுவிட்டு ஹெர்பர்ட் ஆனான். பெயர் வெல்ஷ் வீட்டினுடையது, பணம் இந்தியாவிலிருந்து வந்தது.

உள்ளே கிளைவ் மியூசியம் என்று ஒரு பகுதி. வாள்கள், தந்தச் சாமான்கள், பிளாசியில் சிராஜ் உத் தவுலா விட்டுப்போனதாகச் சொல்லப்படும் பல்லக்கு. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் திப்பு சுல்தானின் சிம்மாசனத்தில் இருந்த புலித்தலை. தங்கம், மேலே மாணிக்கமும் வைரமும் மரகதமும். உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம், அவ்வளவு சிறியது. பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது. சிம்மாசனத்தை உடைத்துப் பங்கு போட்டபோது கழற்றியது. இன்னோர் இடத்தில் திப்புவின் கூடாரம். வெள்ளைப் பருத்தியில் வளைவு வளைவாக மாடம், ஒவ்வொரு மாடத்திலும் ஒரு பூச்சாடி, சிவப்பும் பச்சையும் இன்னும் மங்கவில்லை. நான் கரிசல்காட்டுக்காரி, பருத்தியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. தொடக் கூடாது என்று எழுதியிருந்ததால் பின்னால் கட்டிக்கொண்டேன். இரண்டு அகலத் துணிகளைச் சேர்த்த தையல் கண்ணுக்கு நேரே ஓடியது. ஏதோ ஒரு தையல்காரர் ஓரிடத்தில் நூல் முடிந்து, முடிச்சுப் போட்டு, மறுபடி தொடங்கியிருந்தார். இந்தக் கூடாரத்தை இந்தக் கோட்டைக்காரர்கள் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டுக்கொண்டார்களாம்.

விளக்கப் பலகையில் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் ஆளுநர் என்று படித்தேன். படித்துவிட்டு இரண்டடி நகர்ந்தவள் திரும்பி வந்து மறுபடி படித்தேன்.

கட்டபொம்மனைக் கயத்தாறில் புளியமரத்தில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. பாஞ்சாலங்குறிச்சியின் இரண்டாம் கோட்டை விழுந்தது 1801 மே 24. நவாப்பிடமிருந்து கர்நாடக ராஜ்ஜியத்தை எழுதி வாங்கியது அதே ஆண்டு ஜூலை 31. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டது அக்டோபர் 24. டிசம்பரில், தென்னாட்டில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற அறிவிப்பு. எல்லாம் இந்த வீட்டு மாப்பிள்ளை மெட்ராஸ் கோட்டையில் உட்கார்ந்திருந்தபோது நடந்தவை. சென்னையில் தலைவர்கள் மறைந்தால் உடலை வைக்கும் ராஜாஜி மண்டபத்தை, திப்புவை வென்றதைக் கொண்டாடும் விருந்து மண்டபமாகக் கட்டியதும் இவர் காலத்தில்தான். 1800இல் அவர் மனைவி ஹென்றியட்டா தம் இரண்டு பெண்களோடு பெங்களூர், மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றிப் பார்த்தார். இளைய மகள் சார்லட் நாட்குறிப்பு எழுதினாள். சுற்றுலாப் பயணிகள், என்னைப்போல.

அறையில் இருந்த முதியவர், அங்கே ஊதியமில்லாமல் வழிகாட்டுபவர், எந்த ஊர் என்று விசாரித்தார். மெட்ராஸுக்குத் தெற்கே என்றேன். சம்பந்தி அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சம்பந்தி?" என்றார்.

கட்டபொம்மன் யார் என்று அலுவலக ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு பாளையக்காரர். கம்பெனிக்குக் கிஸ்தி கட்டுவதில் தகராறு. பிடித்து, விசாரணை என்று ஒன்றை நடத்தி, அன்றே தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, தரைமட்டமாகக் கிடந்த மண் கோட்டையை ஒரு வாரத்துக்குள் எழுப்பினார். பீரங்கியோடு வந்த படை முதல் தாக்குதலில் திரும்பிப் போனது. கடைசியில் பிடித்தபோது, கோட்டையை இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தார்கள். ஊரின் பெயரையே ஆவணங்களிலிருந்து நீக்கச் சொன்னார்கள் என்பது எங்கள் பக்கத்தில் சிறுவர்கள்கூட அறிந்த கதை. இன்றைக்கு அங்கே நிற்பது 1974இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

"நானும் கிஸ்தி வசூலித்தவள்தான்" என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இருக்காது. அந்த ஊர்ப் பதிவேட்டில் பலமுறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயர் மேலே முழுசாக, ஓர் எழுத்தும் குறையாமல் இருந்தது.

முதியவர் இந்தப் பெயர்களைக் கேள்விப்பட்டதில்லை என்றார். ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். சம்பந்தி அம்மா எதுவும் பேசவில்லை. தோட்டத்தில் தேநீர் குடிக்கலாம் என்று முதலில் திட்டம். "இங்கே வேண்டாம்" என்றார். வெல்ஷ்பூல் ஊருக்குள் போய்க் குடித்தோம்.

மீதிப் பயணம் வேகமாக முடிந்தது. சிர்க் கோட்டையை வெளியிலிருந்து பார்த்தோம். 1595இல் அதை வாங்கிய தாமஸ் மிடில்டன் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோதே பணம் போட்டவர்களில் ஒருவர் என்று மருமகள் போனில் பார்த்துச் சொன்னதும், யாரும் இறங்க ஆர்வம் காட்டவில்லை. ரெக்ஸமில் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு மட்டும் நான் கேட்டுப் போனேன். வாசலுக்கு வெளியே எலிஹு யேலின் கல்லறை. 1687 முதல் 1692 வரை மெட்ராஸ் கோட்டையின் ஆளுநர். ஊழல் புகாரில் பதவி போனவர். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் பெயரானவர். யேல் என்பதுகூடப் பக்கத்து வெல்ஷ் சீமையான யால் என்பதிலிருந்து வந்த பூர்வீகப் பெயர்தான். அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பாவில் வளர்ந்து, ஆப்பிரிக்காவில் பயணித்து, ஆசியாவில் மணம் முடித்தார் என்று கல்லில் பாட்டாக வெட்டியிருக்கிறது. ஆசியாவில் பறிகொடுத்ததைச் சொல்லவில்லை. அவருடைய சின்னஞ்சிறு மகன் டேவிட்டைப் புதைத்தது சென்னையில், பிற்பாடு சட்டக் கல்லூரி எழுந்த வளாகத்தில்.

திங்கட்கிழமை காலை அம்மன்ஃபோர்டில் சம்பந்தி அம்மா அடுப்பில் இரும்புக் கல்லைப் போட்டு வெல்ஷ் கேக் சுட்டார். உலர்ந்த திராட்சை போட்ட, உள்ளங்கை அகல வட்டங்கள். தோசைக்கல்லேதான், கைப்பிடி மட்டும் மேலே வளைந்திருந்தது. அவருடைய பாட்டியின் கல்லாம். சிறைக்குப் போன அந்தத் தாத்தாவின் மனைவி. "ஒழுங்கான ஆவணத்தோடு எங்களுக்கு வந்த சொத்து இது ஒன்றுதான்" என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்துவிட்டுக் கொடிவழித் தாளை விரித்தார். மருமகளுக்கு ஐந்தாம் மாதம். என் மகனுக்கு இங்கே குடும்பப் பெயராக இருப்பது அவன் அப்பாவின் பெயர்; பாஸ்போர்ட்டில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதே பெயர்தான், அதன் குழந்தைக்கும் அதுவே. அப் ரீஸ் பிரைஸ் ஆனதுபோல் என் கணவர் உறைந்துவிட்டார். ஒரு புளியமரத்தடி ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்த மனிதர், வேல்ஸில் ஒரு வம்சத்துக்குத் தலையாகப் போகிறோம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சம்பந்தி அம்மா பென்சிலைச் சீவினார். தாளின் வலது ஓரத்தில் வெற்றிடம் நிறைய இருந்தது. "உங்கள் பக்கம் சொல்லுங்கள் சம்பந்தி" என்றார். கணவர் பெயரைச் சொன்னேன். மாமனார் பெயர், அவர் அப்பா பெயர். அதற்கு மேல் ஏறவில்லை. என் பக்கத்திலும் அதே கதி. தாத்தாவின் அப்பாவோடு நின்றுவிட்டது. ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் வாரிசுச் சான்று எழுதியவள் நான். அவர் ஒன்றும் சொல்லாமல் மேலே ஒரு புள்ளிக்கோடு போட்டார். 1531 வரை நீளமாகவே போட்டார்.

பிறகு, மாமனாரின் அப்பா பெயரை என் எழுத்திலேயே எழுதச் சொன்னார். எழுதினேன். நடுவில் இருந்த ழகரத்தின் மேல் பென்சில் முனையை வைத்து, இதுதானே அது என்று கேட்டு, இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார்.